அவனவனுக்கு இன்னின்னபடி

பெத்தானியாவில் லாசருவைக் கல்லறையில் வைத்து நான்கு நாள் ஆகிவிட்டது. இயேசு ஊருக்குள் வருமுன்பே மார்த்தாள் எதிர்கொண்டு போய்ச் சொல்கிறாள்: "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." சற்று நேரத்தில் மரியாளும் வருகிறாள். அவள் வாயிலிருந்து வருவதும் அதே வாக்கியம்தான். யோவான் 11-ஆம் அதிகாரத்தின் 21, 32 வசனங்களை அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். ஆனால் மார்த்தாளிடம் இயேசு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார், "இதை விசுவாசிக்கிறாயா" என்று கேட்கவும் செய்கிறார். மரியாளிடம் ஒரு போதனையும் இல்லை. "அவனை எங்கே வைத்தீர்கள்" என்று கேட்டார். பிறகு கண்ணீர் விட்டார்.

வீடு ஒன்று, சாவு ஒன்று, சொன்ன சொல்லும் ஒன்று. ஆனால் மார்த்தாள் தனியே நடந்து வந்தாள், மேலே பேசும் தெம்போடு வந்தாள். மரியாளோ அழுகிற கூட்டத்தோடு வந்து காலில் விழுந்தாள். காலில் விழுந்து அழுகிறவளுக்குப் பாடம் நடத்த முடியாது. "அவனவனுக்கு இன்னின்னபடி உத்தரவு சொல்லவேண்டும்" என்று பவுல் கொலோசெயருக்கு எழுதுகிறார் (4:6). இங்கே உத்தரவு என்றால் கட்டளை இல்லை, பதில். பதில் என்றால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருந்திருக்க வேண்டும். நம் சபைகளில் நடக்கிற ஊழியத்தில் பெரும்பாலும் அந்தக் கேள்வி காதில் விழுமுன்பே பதிலைச் சொல்லி முடித்துவிடுகிறோம். மனப்பாடம் செய்த ஐந்து நிமிடப் பேச்சு, ஒரு கைப்பிரதி, கண்ணை மூடி ஒரு ஜெபம், அடுத்த வீடு. முப்பது வீட்டுக்குப் போய்வந்த கணக்கு இருக்கும். ஒரு வீட்டில்கூட அந்த வீட்டுக்காரருக்கு என்ன கவலை என்று தெரிந்திருக்காது.

பவுல் எப்படிச் செய்தார் என்பதற்கு அப்போஸ்தலர் நடபடிகளில் மூன்று பிரசங்கங்கள் இருக்கின்றன. பிசீதியா அந்தியோகியாவின் ஜெப ஆலயத்தில் எகிப்திலிருந்து தொடங்கி தாவீது வரை இஸ்ரவேலின் சரித்திரத்தைச் சொல்கிறார் (13-ஆம் அதிகாரம்). லீஸ்திராவில் ஜனங்கள் லிக்கவோனியா பாஷையில் சத்தமிட்டுக்கொண்டு எருதுகளையும் பூமாலைகளையும் கொண்டுவந்தபோது சரித்திரம் ஒன்றும் இல்லை. வானத்து மழை, செழிப்பான காலம், வயிறார உணவு, அவ்வளவுதான் (14:15-17). அத்தேனேயில் "அறியப்படாத தேவனுக்கு" என்று எழுதியிருந்த பலிபீடத்தைப் பிடித்துக்கொள்கிறார். அந்த ஊர்ப் புலவர்களின் வரியை மேற்கோள் காட்டுகிறார், நியாயப்பிரமாணத்திலிருந்து ஒரு வரிகூட எடுத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அத்தேனேயில் கடைசியில் உயிர்த்தெழுதலுக்கு வந்துவிடுகிறார். கேட்டவர்களில் சிலர் அங்கேதான் கேலி செய்தார்கள். கேலி வரும் என்பதற்காக அதை விட்டுவிடவில்லை. தொடங்கும் இடத்தை ஆளுக்கேற்ப மாற்றலாம், போய்ச் சேரும் இடத்தை மாற்றக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எல்லைக்கோடு கிடையாது.

எனவே முதல் சந்திப்பில் பேசுவதைவிடக் கேட்பதற்குத்தான் ஆயத்தம் வேண்டும். மூன்று காரியம் தெரிந்தால் போதும். இந்த ஆளுக்கு இப்போது எது பாரமாக இருக்கிறது? இயேசுவைப் பற்றி ஏற்கெனவே என்ன கேள்விப்பட்டிருக்கிறார், யார் வழியாக? இவர் நம்மோடு பேசுவதால் வீட்டில் வேறு யாருக்குச் சங்கடம் வரும்? மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. மாமியாரும் நாத்தனாரும் இருக்கிற கூட்டுக் குடும்பத்தில் புதிதாக வந்த மருமகளைத் தனியே கூப்பிட்டு வைத்துப் பேசினால், நாம் படியிறங்கின பிறகு அவள்தான் ஏச்சு வாங்குவாள். எல்லாரும் இருக்கும்போது திண்ணையில் உட்கார்ந்து பேசுவது மெதுவான வழி, ஆனால் அவளுக்குப் பாதுகாப்பான வழி. கண் தெரியாத பர்திமேயு வந்து நின்றபோது அவனுக்கு என்ன வேண்டும் என்று பார்த்த எல்லாருக்கும் தெரியும். இயேசு அப்போதும் "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று கேட்டார் (மாற்கு 10:51). தெரிந்ததையும் கேட்க வேண்டும். எதிரே இருப்பவர் தன் வாயால் சொல்ல ஓர் இடம் வேண்டும்.

அடுத்தது சொல். சபைக்குள் வளர்ந்தவர்களுக்கு நம் தமிழ் எவ்வளவு தனியான ஒரு மொழியாகிவிட்டது என்று தெரிவதில்லை. "பாவம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். "ஐயோ பாவம்" என்றால் இரக்கம். "அடப்பாவி" என்றால் வசவு. "போன ஜென்மத்துப் பாவம்" என்றால் வினைப்பயன். கைகால் வராத பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கிற ஒரு தாயிடம் போய், "நாம் எல்லாரும் பாவிகள்" என்று தொடங்கினால், அவள் ரோமர் மூன்றாம் அதிகாரத்தைக் கேட்பதில்லை. "நீ செய்த பாவம்தான் இப்படிப் பிள்ளையாக வந்து நிற்கிறது" என்று தெருவில் நாலு பேர் சொன்னதை ஐந்தாவது ஆளாக நாமும் சொல்வதாகத்தான் கேட்கிறாள். அந்தத் தாய்க்கு முதலில் போய்ச் சேர வேண்டிய வசனம் யோவான் 9:3. பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, "இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்றார் இயேசு. அந்த ஒரு வரியை மெதுவாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். அன்றைக்கு அது போதும்.

"மறுபடியும் பிறக்கவேண்டும்" என்பது இன்னொன்று. நமக்கு அது நற்செய்தியின் வாசல். பக்தியுள்ள ஓர் இந்துப் பெரியவருக்கோ மறுபிறவி என்பது வேண்டாம் வேண்டாம் என்று அவர் வேண்டிக்கொள்கிற காரியம். பிறவிப் பெருங்கடலை நீந்திக் கரையேறத்தானே அத்தனை விரதமும். "இயேசுவிடம் வந்தால் மறுபடியும் பிறக்கலாம்" என்றால் அவர் ஏன் வரவேண்டும்? அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு "மேலிருந்து" என்றும் பொருள் உண்டு. கடவுளாலே மேலிருந்து வருகிற புது வாழ்வு, இந்தப் பிறவியிலேயே தொடங்குவது என்று விரித்துச் சொன்னால் புரியும். அதுபோல "விசுவாசம்" வெளியே பெரும்பாலும் நாய்க்குச் சொல்கிற குணம், அதனால் "நம்புவது" என்று சொல்லலாம். "அவதாரம்" என்றால் பத்தோடு பதினொன்றாகத்தான் கேட்கும். "ஆண்டவர்" எல்லா வீட்டிலும் புரியும், "கர்த்தர்" புரியாது. ஆட்களை இயேசுவிடம் கொண்டுவருவதற்கு நாம் சொல்கிற "ஆத்தும ஆதாயம்" என்ற சொல்லை வெளியே உச்சரிக்கவே வேண்டாம். அதைக் கேட்கிற பக்கத்து வீட்டுக்காரர், நம் கணக்குப் புத்தகத்தில் தானும் ஒரு வரவு என்றுதான் நினைப்பார்.

சொல்லை மாற்றினால் வேதத்தை மாற்றுவதாகிவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் தமிழ் வேதாகமத்தின் வரலாற்றைப் பார்க்கலாம். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, 1715-இல் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாட்டில் கடவுளைச் "சர்வேசுரன்" என்றார். பின்னால் வந்த பப்ரீசியுஸ் "பராபரன்" என்றார். நாம் கையில் வைத்திருக்கிற 1871-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில், அதாவது ஹென்றி பவர் தலைமையில் திருத்தியதில், "தேவன்". 1995-இல் வந்த திருவிவிலியத்தில் "கடவுள்". முந்நூறு வருஷமாக மொழிபெயர்த்தவர்களே கேட்கிறவர்களின் காதை நினைத்துச் சொல்லைத் தேடியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிச் சந்திப்பில்தான் அதிகமாகத் தவறு நடக்கிறது. காரணம் எளிது: படுத்திருப்பவர் எழுந்து போக முடியாது. வீட்டில் என்றால் "சமையல் வேலை இருக்கு" என்று உள்ளே போய்விடலாம். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது எங்கே போவது? அதனால் அனுமதி கேட்பது மரியாதையை மட்டும் சேர்ந்ததல்ல, நியாயத்தைச் சேர்ந்தது. வார்டு நர்ஸிடம் முதலில் கேளுங்கள். இரண்டு பேருக்கு மேல் போகாதீர்கள். கட்டிலில் உட்காரக் கூடாது, கழுத்தைத் திருப்பாமல் அவர் நம் முகத்தைப் பார்க்கிற இடத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். வியாதியின் விவரத்தைக் குடையாமல் "ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்டால் போதும், சொல்ல விரும்புவதை அவரே சொல்வார். பத்து நிமிடத்துக்குள் எழுந்துவிட வேண்டும். எழுமுன், "உங்களுக்காக ஜெபிக்கலாமா, இல்ல வீட்ல போய் ஜெபிச்சுக்கட்டுமா?" என்று இரண்டு வழியும் திறந்து கேளுங்கள். "வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்ல நம் ஜனங்களுக்கு வராது. இரண்டாவது வழி இருந்தால் கூச்சமில்லாமல் அதை எடுத்துக்கொள்வார்கள். ஜெபம் ஒரு நிமிடம் போதும், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில். 23-ஆம் சங்கீதம் ஆறே வசனம், அது அளவாக இருக்கும்.

எது செய்யக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். "நாளைக்கே எழுந்து நடப்பீங்க" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. அந்த வாக்கு நிறைவேறாதபோது, விசுவாசம் பத்தவில்லை என்று பழி நோயாளியின் தலையில்தான் விழும். மருந்தை நிறுத்தச் சொல்வது, மாத்திரை குறைவான நம்பிக்கைக்கு அடையாளம் என்று ஜாடையாகச் சொல்வதுகூட, உயிரோடு விளையாடுவது. இன்சுலினை நிறுத்தினவர் என்ன ஆவார் என்று தெரிந்தவர்கள் இதைச் சபை நடுவில் உரக்கச் சொல்ல வேண்டும். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி நேரிடுகிற பலவீனங்களுக்கும் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொன்னார் (1 தீமோத்தேயு 5:23). அவருக்கு ஜெபிக்கத் தெரியாமல் அல்ல.

துக்க வீட்டில் இன்னும் குறைவாகப் பேச வேண்டும். யோபுவின் நண்பர்கள் பின்னால் நிறையத் தவறாகப் பேசினார்கள். ஆனால் முதல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்தார்கள் (யோபு 2:13). அவர்கள் செய்ததில் உருப்படியானது அதுதான். இழவு வீட்டில் "எல்லாம் தேவசித்தம்" என்று சொல்லாதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அது தேவனையே எதிரியாகக் காட்டும். இறந்தவர் எங்கே போனார் என்ற விசாரணையும் அங்கே வேண்டாம். இறந்தவரின் பெயரைச் சொல்லி அவரைப் பற்றி ஒரு நல்ல நினைவைச் சொல்லுங்கள். அடக்கம் முடிந்த அன்று எல்லாரும் இருப்பார்கள், பதினாறாம் நாளுக்குப் பிறகுதான் வீடு வெறிச்சென்று ஆகும். அப்போது போக வேண்டும், கையில் ஏதாவது சாப்பாட்டோடு. மார்த்தாள் சொன்னது போன்ற வார்த்தைகள் அந்த வீட்டில் அப்போதுதான் வெளியே வரும்.

எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிமாருக்குக் கைப்பிரதி கொடுப்பதில் பயன் இல்லை. அதைக் கொண்டுபோய்ப் பேரப்பிள்ளையிடம் கொடுப்பார்கள், அல்லது அலமாரியில் மடித்து வைப்பார்கள். அவர்களுக்குக் கதைதான் வேதம். சொல்கிற முறை இது. ஒரு நேரத்துக்கு ஒரே கதை, நான்கு நிமிடத்துக்குள். பன்னிரண்டு வருஷம் பெரும்பாட்டினால், அதாவது நிற்காத உதிரப்போக்கினால், அவதிப்பட்டு, கையிலிருந்ததையெல்லாம் வைத்தியத்துக்குச் செலவழித்த பெண்ணின் கதை (மாற்கு 5:25-34) கிட்டத்தட்ட எல்லா வயதான அம்மாக்களுக்கும் தெரிந்த வலி. புத்தகத்தைக் கையில் வைத்து வாசிக்காமல், முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நடுவில் விளக்கம் சேர்க்காதீர்கள். சேர்த்தால் எது கதை, எது நம் கருத்து என்று அவர்களுக்குப் பிரித்துப் பார்க்க முடியாது. முடித்ததும் இன்னொருமுறை அப்படியே சொல்லுங்கள். பிறகு, "பாட்டி, இப்போ நீங்க சொல்லுங்க பார்ப்போம்." விட்டதை எடுத்துக்கொடுக்கலாம், திருத்தக் கூடாது. அதன் பிறகே கேள்வி: "கூட்டத்துல எத்தனையோ பேர் அவரைத் தொட்டாங்க. இவளை மட்டும் ஏன் கூப்பிட்டுப் பேசினார்?" இந்தக் கேள்விக்குப் பாட்டிமார் சொல்கிற பதில்கள் பல பிரசங்கங்களைவிட ஆழமாக இருக்கும். அடுத்த வாரம் புதுக் கதைக்கு முன் பழைய கதையை அவர்களே சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லை என்றால் புதியது வேண்டாம்.

பாட்டும் அப்படியே. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் 1800-இல் பெத்லகேம் குறவஞ்சியை எழுதியபோது, குறத்தி வந்து குறி சொல்கிற, ஜனங்களுக்குப் பழகின அமைப்பையே எடுத்துக்கொண்டார். பிரசங்கம் மறந்துபோனவர்களுக்கும் அவருடைய கீர்த்தனைகள் மறப்பதில்லை.

காது கேளாதவரிடம் உரக்கப் பேசுகிறவர்கள் மாற்கு 7:33-34-ஐப் பார்க்க வேண்டும். இயேசு அந்த மனிதனைக் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துப் போனார், விரல்களைக் காதுகளில் வைத்தார், நாவைத் தொட்டார், வானத்தை அண்ணாந்து பார்த்தார். என்ன நடக்கப்போகிறது என்பதை அந்த மனிதனுக்குப் புரிகிற ஒரே மொழியில் முதலில் சொல்லிவிட்டார். சைகை மொழி தெரிந்த ஒருவரைச் சபையில் உருவாக்க முடியாவிட்டால், குறைந்தது வெளிச்சம் நம் முகத்தில் விழும்படி நின்று எழுதிக் காட்டலாம்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு வேறு வழி. அவர்களுக்கு முடிவைச் சொன்னால் பிடிக்காது, மூல நூலைக் கையில் கொடுத்தால் பிடிக்கும். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம். வாரம் இரண்டு அதிகாரம் என்றால் எட்டு வாரம். டீக்கடையிலோ விடுதியிலோ உட்கார்ந்து சேர்ந்து வாசித்து, இங்கே என்ன நடக்கிறது, இயேசு எப்படிப்பட்டவராகத் தெரிகிறார், எது உனக்கு இடிக்கிறது என்று மூன்று கேள்வி. மூன்றாவதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். தெரியாததற்குத் "தெரியாது, பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லி, சொன்னபடி அடுத்த வாரம் பார்த்துவர வேண்டும். யோசுவாவின் காலத்தில் தொலைந்த நாளை நாசா கண்டுபிடித்தது என்று வாட்ஸ்அப்பில் வருவதை அனுப்பாதீர்கள். அது கட்டுக்கதை. அந்தப் பிள்ளை இரண்டே நிமிடத்தில் தேடிப் பார்த்துவிடும், அதன் பிறகு காலியான கல்லறையைப் பற்றி நாம் சொல்வதையும் அதே தட்டில் வைக்கும்.

முஸ்லிம் நண்பர் வீட்டில் வேதப்புத்தகத்தைத் தரையில் வைக்காதீர்கள். வேதத்தை நாம் எப்படிக் கையாள்கிறோம் என்பதை வைத்துத்தான் அவர்கள் நம் பக்தியை அளப்பார்கள். ஈசா நபியையும் மர்யமையும் அவர்கள் கனத்தோடு அறிந்தவர்கள். "தேவகுமாரன்" என்ற சொல்லை விளக்கமில்லாமல் முதலில் எடுத்தால், உடல்வழிப் பிள்ளை என்று நாம் சொல்வதாக நினைத்து அருவருப்படைவார்கள். அப்படி நாமும் நம்பவில்லை என்று சொல்லிவிட்டு, அவர் செய்ததையும் சொன்னதையும் முதலில் காட்டுவது நல்லது.

உதவியைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நம்மேல் சந்தேகம் வருகிறது, சில இடங்களில் அது நியாயமான சந்தேகம். பள்ளிக்கூடக் கட்டணம் கட்டிக் கொடுத்த கையோடு கூட்டத்துக்கு அழைத்தால், அழைப்பு என்று நமக்குத் தோன்றும், வாங்கினவருக்குக் கடன் என்று தோன்றும். லூக்கா 17-இல் குஷ்டரோகிகள் பத்துப் பேர் சுத்தமானார்கள், ஒருவன்தான் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேருடைய சுகத்தை இயேசு திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. உதவி செய்கிற சபைகளுக்கு இதுவே சட்டம். உதவுகிற நாளும் சாட்சி சொல்கிற நாளும் வேறாக இருக்கட்டும். முடிந்தால் ஆட்களும் வேறாக இருக்கட்டும். அரிசிப் பைக்குள் கைப்பிரதி வைக்காதீர்கள். வாங்குகிறவரை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். சபைக்கு வராத குடும்பமும், வரமாட்டேன் என்று சொன்ன குடும்பமும் பட்டியலில் அதே அளவுக்கு இருக்க வேண்டும். ஐந்து கிலோ என்றால் எல்லாருக்கும் ஐந்து கிலோ. பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோரின் அனுமதி இல்லாமல் எதுவும் இல்லை.

ஆளுக்கேற்ப மாறுவதற்கு எல்லை உண்டு என்பதை நம் மண்ணின் வரலாறே காட்டுகிறது. 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, தத்துவ போதகர் என்று அறியப்பட்டார். அவருடைய உழைப்பும் தமிழும் வணக்கத்துக்குரியவை. ஆனால் மேல்சாதியாருக்கு ஏற்றபடி வாழ்ந்தவர் மற்றவர்களோடு வெளிப்படையாகச் சேர்ந்து உண்ண முடியவில்லை. பிறகு அந்த மிஷனில் தாழ்த்தப்பட்டோருக்கென்று பண்டாரசாமிகள் என்ற குருக்கள் தனியே ஏற்பட்டார்கள். வடக்கன்குளத்தில் ஜனங்களைச் சாதிப்படி இரு பக்கமாகப் பிரித்து உட்காரவைக்கும் அமைப்பில் ஆலயமே கட்டப்பட்டது. புரொட்டஸ்டண்டு சபைகள் இதில் மேலானவை என்று சொல்லவும் முடியாது, தனி இருக்கைகளும் தனிக் கல்லறைகளும் நம்மிடமும் இருந்தன, இருக்கின்றன. கேட்கிறவருக்கு வசதியாக இருக்கிறதென்று அந்தியோகியாவில் பேதுரு பந்தியைப் பிரித்தபோது, பவுல் முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2:11-14). "எல்லாருக்கும் எல்லாமானேன்" என்று எழுதின அதே பவுல்தான். மொழியை மாற்றலாம், உடையை மாற்றலாம், பாட்டின் ராகத்தை மாற்றலாம். ஒருவனுக்கு ஏற்றபடி நடக்க இன்னொருவனைப் பந்தியிலிருந்து எழுப்ப வேண்டியிருந்தால் அந்த மாற்றம் ஆகாது.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் "வேண்டாம், இதோட நிறுத்திக்குவோம்" என்று சொல்லலாம். மாற்கு 10-இல் ஆஸ்தியுள்ள மனிதன் துக்கத்தோடு போய்விட்டான். இயேசு அவனைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்று அதற்கு முந்தின வசனத்தில்தான் இருக்கிறது. பின்னால் ஓடிப் பிடிக்கவில்லை, நிபந்தனையைக் குறைத்துக் கூப்பிடவும் இல்லை. வேண்டாம் என்றவர் வீட்டு வழியாக அடுத்த வாரமும் போங்கள். அவர் மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சை என்று போனமுறை சொன்னார் அல்லவா, எப்படி எழுதினாள் என்று கேளுங்கள். கையில் பைபிள் இல்லாமல் போங்கள்.